உள்ளே வைரம், வெளியே வைரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்ஜினீயருக்குத் தாவரவியலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தூணும் உத்தரமும் எங்க பாடம்தானே! மரத்தைவிட நல்ல தூண் எது?

முதலில் ஒரு கேள்வி. வேப்பமரத்தில் ஐந்தடி உயரத்தில் ஓர் ஆணி அடிக்கிறோம். பத்து வருஷம் கழித்து அந்த ஆணி எவ்வளவு உயரத்தில் இருக்கும்? அதே ஐந்தடியில்தாங்க! மரம் உயர்வது நுனியில். அடிமரம் பருப்பது, பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம் என்ற மெல்லிய திசுவால். அது உட்பக்கம் சைலத்தையும் வெளிப்பக்கம் புளோயத்தையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. சைலம்தான் கட்டை, வேர் உறிஞ்சிய நீர் அதன் வழியே ஏறுகிறது. இலை சமைத்த சர்க்கரை புளோயம் வழியே வேருக்கு இறங்குகிறது. நாளாவட்டத்தில் நடுவிலுள்ள பழைய சைலம் நீர் கடத்துவதை நிறுத்தி இறுகிப்போகும். 'வைரம் பாய்ந்த கட்டை' என்கிறோமே, அது இதுதான்.

பனைக்கு இந்தக் கேம்பியம் கிடையாது. சிறு வயதிலேயே அடியைப் பருமனாக்கிக்கொண்டு, பிறகுதான் உயரும். வைரமெல்லாம் வெளிப்புறத்தில், உள்ளே மென்மை. காற்றில் வளையும் தூணுக்கு விளிம்பில்தான் இழுவிசையும் அழுத்தமும் அதிகம். பனை தன் பலத்தைச் சரியாக அங்கேதான் வைத்திருக்கிறது! வெளியே வைரம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று தொல்காப்பியம் மரபியலில் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் நம் மாநில மரமான பனை, புல்!

பனையைச் சுற்றிக் கம்பி கட்டினால் அது இறுக்காது. பனைதான் மேலும் பருப்பதில்லையே. வேம்பும் புங்கனும் அப்படி இல்லை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது, பக்கத்து வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நாமும் சந்திப்புக்குச் சந்திப்பு கன்று நடுகிறோம், பேட்ச் பெயர் எழுதிய இரும்புக் கூண்டும் வைக்கிறோம். நல்ல காரியம். ஆனால் கூண்டை எடுப்பது யார்?

மரம் பருத்துக் கம்பியைத் தொட்டதும் முதலில் நசுங்குவது புளோயம். சர்க்கரை இறங்காமல் வேர் பட்டினி கிடக்கும். சைலம் வழியே நீர் ஏறிக்கொண்டே இருப்பதால் இலை பச்சையாகவே இருக்கும். நமக்கு ஒன்றும் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கூண்டில் பேட்ச் பெயரோடு, அதைக் கழற்ற வேண்டிய வருஷத்தையும் எழுதுங்கள். அந்த வருஷம் ஊரப்பாக்கத்தில் இருக்கும் தம்பிகள் கழற்றிவிடுங்கள். கட்டிய கம்பியையும் அடித்த ஆணியையும் இந்த வாரமே எடுத்துவிடலாம்.