சர்வே செய்த காணி என்றால் போதுமா?

(தோட்டக் கமிட்டித் தலைவர்மாரும் மாதர் அணியினரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் ஊழியர் சேமலாப நிதி கைக்கு வருகிறது. மழையிலும் வெயிலிலும் மலையேறி நாம் சேர்த்த பணம் அது. பணம் வருவதற்கு முன்பே தரகர் வந்துவிடுகிறார். "டவுனுக்குக் கிட்ட 10 பேர்ச்சஸ், வீடும் இருக்கு, சர்வே செய்த காணி, பயப்படாதீங்க" என்கிறார். சர்வே என்ற சொல்லைக் கேட்டதும் நாமும் தலையாட்டி, அட்வான்ஸைக் கொடுத்து விடுகிறோம்.

வீடு வாங்கும்போது நாம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். காணி யாருடையது? எல்லை எது? மண் நிற்குமா? வீடு நிற்குமா? இதில் சர்வேயர் பதில் சொல்வது எல்லையைப் பற்றி மட்டுமே. மற்ற மூன்றுக்கும் வேறு ஆட்களிடம் போக வேண்டும்.

முதலாவது, காணி யாருடையது என்பது. இதற்கு நொத்தாரிசு வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி விற்பனை செல்லாது என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டுச் சட்டம். முத்திரை ஒட்டிய கடதாசியில் கையெழுத்து வைத்தால் காணி நமதாகிவிடாது. பெருந்தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். 1992இல் அமைக்கப்பட்ட பிராந்தியக் கம்பெனிகளே அதைக் குத்தகைக்குத்தான் வைத்திருக்கின்றன. ஆகவே லயக் காம்பராவையோ தோட்டத்துத் துண்டுக் காணியையோ "எழுதித் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள். வெளிக்காணி என்றால், காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடி, ஈடு, வழக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் காட்டும் நொத்தாரிசு வேண்டாம். நமக்கென்று ஒருவரை வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது எல்லை. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெற்ற சர்வேயர்தான் அளக்க வேண்டும். பழைய படத்தின் போட்டோ பிரதியை நம்ப முடியாது. அந்தப் படம் வரைந்த பிறகு காணியில் பாதி கைமாறியிருக்கலாம். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூலைகளில் கல் நடச் சொல்லுங்கள். ஒரு பேர்ச்சஸ் என்பது 272¼ சதுர அடி. 10 பேர்ச்சஸ் என்றால் சுமார் 2,722 சதுர அடி. அந்த அளவு வருகிறதா என்று கேளுங்கள். பாதையையும் பாருங்கள். படத்தில் பாதை இருந்தால் மட்டும் போதாது. அதில் போய்வரும் உரிமை உறுதியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது மண். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களோடு நம் சனங்கள் புதைந்ததை நாம் மறக்க மாட்டோம். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. மலைநாட்டில் மண்சரிவு அபாயத்தை ஆராய்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அதன் மாவட்ட அலுவலகத்தில் அந்த இடத்தைப் பற்றி விசாரியுங்கள். நீங்களும் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கிளம்பிய ஊற்று, கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர் ஆகியவை மலை நகர்வதன் அடையாளங்கள். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தக் காணி வேண்டாம்.

நான்காவது வீடு. புதுப் பெயின்ட் வெடிப்பை மறைக்கும். பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிப் போக முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் அனுபவமுள்ள மேசன் பாஸையாவது கூட்டிப் போங்கள். சுவரில் குறுக்கே சாய்வாக ஓடும் வெடிப்பு, வெளியே தள்ளி நிற்கும் அணைச்சுவர், கூரை மரத்தில் கறையான் எல்லாவற்றையும் அவர் கண்டுபிடிப்பார்.

"இவ்வளவுக்கும் காசுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் பதிவகத் தேடல். அதில் பிழை இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். மற்றச் செலவு மிச்சம். அடுத்து மண், பிறகு வீடு, கடைசியில் சர்வேயர். பக்கத்துப் பக்கத்தில் காணி வாங்கும் குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் ஒரே சர்வேயரை அழைத்தால் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். உறுதி பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். விளங்காததை விளங்கியதாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரதியை நமது சங்கக் காரியாலயத்துக்கோ தோட்டப் பாடசாலை ஆசிரியர்களிடமோ கொண்டு வாருங்கள். வரி வரியாக வாசித்துச் சொல்வது எங்கள் வேலை.

இன்னொன்று தோழர்களே. நாம் வாங்கும் காணிக்குச் சொன்ன இதே கேள்விகளை, நமக்குத் தரப்படும் காணிக்கும் கேட்போம். கல் நட்டு அளந்த எல்லை, பாதுகாப்பான மண், காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி மூன்றும் வேண்டும். மேடையில் படம் பிடித்துக்கொண்டு கொடுக்கும் கடதாசி மட்டும் நமக்குப் போதாது.