வெளிச்சம் குறைந்தால் மீனுக்கு ஏது தீனி?

காம்பார் பட்டணத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஒரு குட்டை கண்ணில் படும். ஈயம் எடுக்கத் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கி உருவானவை அவை. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபின் கிந்தா வட்டாரத்து லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஈயம் போயிற்று, குட்டை மிஞ்சியது. துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் காம்பார் வளாகமே இத்தகைய குட்டைகளை ஒட்டித்தான் அமைந்திருக்கிறது. சில குட்டைகளில் திலாப்பியாவும் கெண்டையும் வளர்க்கிறார்கள்.

அந்த நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அதற்குள் ஒரு கூட்டமே இருக்கும். வெயிலை உண்டு வளரும் நுண்பாசி ஒரு பக்கம். அந்தப் பாசியை மேயும் நுண்ணுயிர்களும் நீர்த்தெள்ளும் மறுபக்கம். கடலிலும் இதே கதைதான், அளவுதான் பெரிது. உலகில் ஒளியைக் கொண்டு உருவாகும் உணவில் ஏறக்குறையப் பாதி, கடலின் நுண்பாசி சமைப்பது.

மேற்பரப்பில் விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்காவது எட்டும் ஆழம் வரைதான் பாசி வளரும் என்பது பொதுக் கணக்கு. தெளிந்த பெருங்கடலில் அது 100 மீட்டரைத் தாண்டும். களிமண் கலங்கிய குட்டையில் ஓரிரு மீட்டர்கூடத் தேறாது. காம்பார் ஆறு கிந்தா ஆற்றில் கலந்து, பேராக் ஆற்றோடு கடலுக்குப் போகிறது. மழைக்காலத்தில் அது சுமந்து செல்லும் மண், போகிற வழியெல்லாம் பாசிக்குத் திரை போடுகிறது.

மேய்பவர்களின் பாடு இன்னும் சுவையானது. கடலில் பல மிதவைப் பிராணிகள் பகலில் ஆழத்தில் பதுங்கி, இருட்டிய பிறகே மேலே வந்து பாசியை மேய்கின்றன. பகல் வெளிச்சத்தில் மீன் கண்டுபிடித்துவிடும் அல்லவா! இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் ஒலிக்கருவிகள், இல்லாத இடத்தில் கடல்தரை இருப்பதாகக் காட்டின. அந்தப் ‘பொய்த்தரை’ பகலில் தாழ்ந்தது, இரவில் உயர்ந்தது. பிறகுதான் தெரிந்தது, அது உயிர்களின் கூட்டமென்று.

ஆனால் கடல்பாசியில் பெரும்பங்கைத் தின்பது இவை அல்ல, கண்ணுக்கே தெரியாத ஒற்றைச்செல் உயிர்கள். அவற்றின் பசியும் வெளிச்சத்தைப் பொறுத்ததே. அமெரிக்க ஆய்வாளர் சூசன் ஸ்ட்ரோம் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பாசி தின்னும் சில ஒற்றைச்செல் உயிர்கள் இருட்டில் இருப்பதைவிட வெளிச்சத்தில் வேகமாகச் செரித்து, அதிகமாக மேய்ந்து, விரைவாகப் பெருகின. தின்ற பாசி வயிற்றுக்குள் உடைவதற்கும் வெயில் கை கொடுக்கிறது! மேக மூட்டத்தால் பாசியின் வளர்ச்சி மட்டுமல்ல, அதை மேய்பவற்றின் செரிமானமும் மந்தமாகலாம்.

மீன் வளர்ப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? பணம் இருக்கிறது. தீனி அதிகமாகிப் பாசி கொழுத்த குட்டையில் வெயில் நேரத்தில் உயிர்வளி நிறைந்திருக்கும். இரவில் பாசி, பிராணி, மீன் எல்லாமே மூச்சுவிடும், உண்டாக்குபவர் ஒருவருமில்லை. இரண்டு மூன்று நாள் வானம் மூடிக்கிடந்தால் பகலில் சேர்வதும் குறைந்துவிடும். விடியும் நேரத்தில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதப்பது அதனால்தான். அதைப் பார்த்து, ‘பசிக்கிறது போலும்’ என்று இன்னும் இரண்டு கை தீனி அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. அழுகும் தீனி மிச்சமிருக்கும் உயிர்வளியையும் தின்றுவிடும்.

1865-இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி, வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது மறையும் ஆழத்தை அளந்தார். அந்தத் தட்டு இன்றும் செல்லும். பழைய பீங்கான் தட்டே போதும். பசுமையான குட்டையில் அது 30 முதல் 45 சென்டிமீட்டருக்குள் மறைந்தால் நல்லது. 20-க்கும் குறைவாக மறைந்தால் தீனியைக் குறைத்து, இரவு முழுக்கக் காற்றுச் சக்கரத்தை ஓட விட வேண்டும். நீர் பச்சையாக இல்லாமல் செம்மண் நிறத்தில் இருந்தால், கவனிக்க வேண்டியது குட்டையை அல்ல, மண் சரிந்து விழும் கரையை.