மேடையில் பேசியதும் தீர்ப்பில் எழுதியதும்



எவர் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அவருடைய ஜோல்னாப் பையில் கவிதைப் புத்தகத்தோடு ஏதாவது ஒரு தீர்ப்பின் நகலும் இருக்கும். இலக்கியக் கூட்டத்துக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. நம்மைப் பற்றி அதிகாரம் எழுதுகிற உரைநடை இதுதான், இதையும் படியுங்கள் என்பார். அதனால்தான் ஒரு நீதிபதியின் பேச்சை நாம் எப்படிக் கேட்பது என்பதை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

2025 ஜூன் 10 அன்று, அப்போதைய இந்தியத் தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் ஆக்ஸ்போர்டு மாணவர்களின் புகழ்பெற்ற விவாத மன்றத்தில் பேசினார். ஒருகாலத்தில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களில் ஒருவன், இன்று நாட்டின் உச்ச நீதிப் பதவியில் இருந்துகொண்டு உங்கள் முன் பேசுகிறான், அரசமைப்புச் சட்டம் செய்தது இதைத்தான் என்ற பொருளில் சொன்னார். நகராட்சிப் பள்ளியில் படித்தவர். கே.ஜி.பாலகிருஷ்ணனுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்த இரண்டாவது தலித். இந்தப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலரோடு அந்தக் காணொளியைப் பார்த்தேன். ஒரு பெண் அழுதுவிட்டாள். அவளுடைய பாட்டி களத்துமேட்டில் எட்டி நின்று கூலி நெல் வாங்கியவர். அந்த அழுகைக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதே நீதிபதி 2024 ஆகஸ்ட் 1 அன்று ஒரு தீர்ப்பும் எழுதியிருக்கிறார். பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று ஏழு பேர் அமர்வில் ஆறு பேர் சொன்ன வழக்கு அது. 2009இல் தமிழ்நாடு அருந்ததியருக்குக் கொடுத்த 3 சதவீதத்துக்கு அது பலம் சேர்த்தது, அதை வரவேற்கிறேன். அதோடு நிற்காமல், பட்டியல் சாதியினரிலும் கிரீமி லேயரைக் கண்டறிந்து விலக்க வேண்டும் என்று கவாய் தன் தீர்ப்பில் எழுதினார். அந்த வழக்கில் யாரும் அதைக் கேட்கவில்லை. ஒதுக்கீட்டின் அடிப்படை தீண்டாமை, வறுமை அல்ல. சம்பளம் உயர்ந்தால் தீண்டாமை கழன்றுவிடுமா? 2025 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கறிஞர் அவர் மீது காலணியை வீச முயன்றார். சிலை வழக்கு ஒன்றில் கவாய் சொன்ன வார்த்தையைக் காரணம் காட்டினார். வேறு சாதி நீதிபதி அதைச் சொல்லியிருந்தால் காலணி கழன்றிருக்குமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

நம்மவரிடமே இப்படிக் கேட்கலாமா என்று அன்று ஒரு மாணவர் தயங்கினார். கேட்கலாம் தம்பி. கை தட்டிவிட்டுக் கேட்கலாம். மேடைப் பேச்சு யாரையும் கட்டுப்படுத்தாது. தீர்ப்பில் ஒரு பத்தி தலைமுறைகளைக் கட்டிப்போடும். பிணைக்காத கருத்தாக எழுதினாலும், நாளை இன்னொரு வழக்கில் யாராவது அதை எடுத்துக் காட்டுவார்கள்.

தஞ்சைத் தரணிக்கு இது புதிதல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி நெல் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள், அவ்வளவுதான். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் மற்றவர்களையும் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். ஆள் வைத்துச் செய்திருப்பார்களாம். நிலம் வைத்திருப்பதே சாட்சியாகிவிட்டது.

அதே 1973இல்தான் ஏ.வரதராஜன் அந்த உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்தார். 1980இல் உச்ச நீதிமன்றம் சென்ற முதல் தலித் நீதிபதி அவர். இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே கட்டடம். ஆள் மாறுவது அவசியம், எழுத்து மாறுவது வேறு வேலை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வெண்மணிக்குப் பிறகு அமைந்த, ஓய்வுபெற்ற நீதிபதி கணபதியா பிள்ளை ஆணையத்தின் வழியாக 1969இல் கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கொலைக்கு நீதி வரவில்லை. கூலிக்குச் சட்டம் வந்தது. அதையும் மேடைப் பேச்சு கொண்டுவரவில்லை, சங்கம் கட்டியவர்கள் கொண்டுவந்தார்கள்.

இனி உங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நீதிபதி வந்தால் முதல் வரிசையில் போய் உட்காருங்கள். அழைப்பிதழ் வந்த அன்றே அவர் எழுதிய தீர்ப்புகளில் இரண்டையாவது படித்துவிடுங்கள். வன்கொடுமை வழக்கில் என்ன எழுதினார், கூலி வழக்கில் என்ன எழுதினார் என்று பாருங்கள். கேள்வி நேரத்தில் பத்தி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

1973 தீர்ப்பின் நகலைத் தோழர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது. தேநீருக்குப் பிறகு உட்கார்ந்து பத்தி பத்தியாகப் படித்துத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். சட்டம் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் வாருங்கள்.