கூட்டம் சேர்ப்பது வேறு, உறுப்பினர் சேர்ப்பது வேறு

(சமூகச் சேவை மன்றப் பொறுப்பாளர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எங்கள் மன்றத்துக்கு ஆள் வருவதில்லை, வந்தாலும் நிலைப்பதில்லை." எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் புலம்பல்தான் காதில் விழுகிறது. நம் மக்களுக்கு உணர்வு இல்லை என்று பழியை அவர்கள்மேல் போட்டுவிட்டு நாமும் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

உணர்வு இல்லையா? 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூர் சாலைகளில் கண்ணீர்ப் புகைக்கும் இரசாயனம் கலந்த தண்ணீருக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் நின்றவர்கள் யார்? நம் மக்கள்தானே! உணர்வுக்கு என்றைக்கும் குறைவில்லை. ஆனால் பேரணி முடிந்த மறுவாரம் சமூக மண்டபத்தில் மேசை போட்டு, அடையாள அட்டைப் பாரங்களை நிரப்பித்தர எத்தனை பேர் வந்தார்கள்? கூட்டம் ஒரு நாளில் சேரும். உறுப்பினர் ஒவ்வொருவராகத்தான் சேருவார்.

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. கோயில், தமிழ்ப்பள்ளி, பந்துத் திடல் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தன. மாலையில் ஒரு குரல் கொடுத்தால் இளைஞர்கள் கூடிவிடுவார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிய பிறகு, பக்கத்து வீட்டில் இருப்பவர் யாரென்றே தெரியவில்லை. கணவன் இரவு ஷிப்ட், மனைவி பகல் ஷிப்ட். இவர்களைப் பழைய முறையில் சுற்றறிக்கை அனுப்பிக் கூப்பிட்டால் எப்படி வருவார்கள்?

பழைய வேலைகளும் மாறிவிட்டன. முன்பு வாக்காளர் பதிவுக்கு மேசை போட்டாலே இளைஞர்கள் வந்து உதவினார்கள். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த மேசைக்குப் பதிலாக இளைஞர் கையில் வேறு என்ன வேலையைக் கொடுத்தோம்? நாற்காலி அடுக்கச் சொன்னோம், பிரமுகருக்கு மாலை பிடிக்கச் சொன்னோம். இரண்டு முறை வந்தான், மூன்றாம் முறை வரவில்லை.

எங்கள் மன்றம் செய்த ஒரு தவற்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒரு மூதாட்டி 12 வயதுப் பேரனோடு வந்தார். மைகார்ட் எடுக்க வேண்டிய வயது, ஆனால் பையனுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. பெற்றோரின் திருமணமும் பதிவாகவில்லை. பல மாதம் அலைந்து ஒருவழியாகப் பத்திரம் கிடைத்தது. அந்த அம்மா வந்து, "தம்பி, நான் வீட்டில் சும்மாதான் இருக்கேன், மன்றத்தில் ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்க" என்றார். "நீங்க ஓய்வெடுங்கம்மா, நாங்க பார்த்துக்கிறோம்" என்று அனுப்பிவிட்டோம்.

ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தம் அடுக்குமாடியில் பத்திரச் சிக்கல் உள்ளவர்களை அவரே பேருந்தில் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். எந்த முகப்பு, என்ன சாட்சி, எத்தனை நகல் என்று எங்கள் செயலாளரைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மன்றத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய சிறந்த உறுப்பினரை நாமே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறோம்! பிறகு வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தோம்.

அன்று நான் கற்ற பாடம் ஒன்றுதான். உதவி பெற்றவரை உதவி செய்பவராக மாற்றுங்கள். பிச்சை வாங்கியவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பொறுப்பு வாங்கியவர் விட்டுப் போக மாட்டார்.

நடைமுறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். புதியவரிடம் முதலில் சந்தாவைக் கேட்காதீர்கள். முடிவு தெரிந்த சிறு வேலையைக் கொடுங்கள். "மூன்று சனிக்கிழமை, காலை இரண்டு மணி நேரம்" என்று சொன்னால் வருவார். இரண்டு கூட்டத்துக்கு ஒருவர் வரவில்லையானால் தொலைபேசியில் கூப்பிட்டு நலம் விசாரியுங்கள், கணக்குக் கேட்காதீர்கள். மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளை தமிழில் தடுமாறினால் சிரிக்காதீர்கள். இலாகாவுக்குக் கடிதம் எழுத அவன்தான் கைகொடுப்பான். சமையற்கட்டில் மட்டும் பெண்களை நிறுத்தாமல் செயலவையில் உட்கார வையுங்கள். வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒரே நாற்காலியில் பதினைந்து வருடம் உட்காராதீர்கள்!

1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி 7 பேர் இருந்தால் ஒரு சங்கம். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் அறிக்கையை அனுப்பிவிட்டால் பதிவும் உயிரோடு இருக்கும். ஆனால் தாளில் உயிரோடு இருக்கும் மன்றத்தால் ஒரு குழந்தைக்குக்கூடப் பத்திரம் வாங்கித்தர முடியாது.

உரிமை கேட்கும் சமுதாயத்துக்கு வாரந்தோறும் வந்து வேலை செய்யும் ஆள் வேண்டும். அந்த ஆள் வெளியே எங்கோ இல்லை. போன மாதம் உங்கள் மேசைக்கு முன்னால் பத்திரத்தோடு வந்து நின்றவர்தான். இன்றிரவே அவரைக் கூப்பிடுங்கள்.