முட்டி ஜவ்வு ஆபரேஷன்: பத்து வருடம் கழித்து என்ன?

(அடி அண்ணாமலையில் நடந்த குடும்ப நல ஒன்றுகூடலில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)





மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில், முட்டி ஜவ்வு கிழிந்த பிள்ளைகளின் மனுக்களும் உண்டு. கிரிக்கெட் ஆடும்போது கால் மடங்கியவர்கள், கிரிவலப் பாதையில் பைக்கிலிருந்து விழுந்தவர்கள். ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தோம். அத்தோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். பிறகு எப்படி நடக்கிறார்கள் என்று கேட்கவில்லை. அது நம் குறை. இன்று அந்தப் 'பிறகு' பற்றித்தான் பேசுகிறோம்.

கிழிந்த ஜவ்வைத் தைப்பதல்ல இந்த ஆபரேஷன். தொடையின் பின்பக்கத்திலிருந்தோ, முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ நம் உடம்பின் நாரையே எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். அது ஜவ்வாகப் பக்குவப்பட ஒரு வருடமோ, அதற்கு மேலோ ஆகும். வலி போனதும் ஜவ்வு தேறிவிட்டது என்று நினைப்பதுதான் நம் பிள்ளைகள் செய்யும் தவறு.

2014-ல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்வது: ஆபரேஷன் செய்த 100 பேரில் 81 பேர் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள், பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் 65 பேர். அவசரப்படுபவர்களுக்கு ஆபத்து அதிகம். நார்வேயில் 2016-ல் வெளியான ஆய்வில், 9 மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டுமா? சுவீடனில் 121 பேரை இரு பிரிவாக்கி 5 வருடம் கவனித்தார்கள். உடனே ஆபரேஷன் செய்தவர்களும், முதலில் பயிற்சி செய்து தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன் செய்தவர்களும் ஒரே அளவில்தான் இருந்தார்கள். இரண்டாம் பிரிவில் பாதிப் பேருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை. ஆனால் மாதக்கணக்கில் முட்டி நழுவிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஆபரேஷனே மேல் என்று 2022-ல் இங்கிலாந்து ஆய்வு காட்டியது. ஆகவே டாக்டரிடம் இரண்டு வழியையும் கேளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜவ்வு கிழிந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு 10 முதல் 20 வருடத்தில் மூட்டுத் தேய்மானம் வருகிறது. ஆபரேஷன் செய்தாலும் அது வராது என்று உறுதி சொல்ல முடியாது. உடல் எடையைக் குறைவாக வைப்பதும், தொடைத் தசையை வலுவாக வைப்பதும் வாழ்நாள் வேலை.

சென்னையில் 17 வயது கால்பந்து வீராங்கனை ஒருவர், இந்த ஆபரேஷனுக்குப் பின் கட்டு இறுகி இரத்த ஓட்டம் நின்று, காலை இழந்து, 2022 நவம்பர் 15 அன்று உயிரிழந்தார். இப்படி நடப்பது அரிது. ஆனாலும் விரல்கள் சில்லிட்டாலோ, மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, மாத்திரைக்கு அடங்காமல் வலித்தாலோ, நடு இரவானாலும் உடனே டாக்டரை அழையுங்கள். "காலையில் பார்க்கலாம்" என்று விடாதீர்கள்.

நம் தொழுகை விஷயம். சில்லுக்குக் கீழிருந்து நார் எடுத்தவர்களுக்கு மண்டியிடும்போது வலி நீடிப்பது அதிகம். ஐந்து வேளை ஸஜ்தா செய்பவர், தரையில் உட்காருபவர் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். தேறும் வரை நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் இடம் தருகிறது. அதில் வெட்கம் வேண்டாம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்காமல் நகையை அடகு வைக்காதீர்கள். கையில் இருப்பதை எல்லாம் ஆபரேஷனுக்கே கொட்டிவிட்டு, பிசியோதெரபிக்குப் போக பஸ் காசு இல்லாமல் நிற்காதீர்கள்.

இனி நம் அறக்கட்டளை, 9 மாதம் பயிற்சிக்குப் போய்வரும் செலவையும் சேர்த்துத் தரும். மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து விசாரிப்போம், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்ற நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், நமக்குப் பொறுமையையும் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.