பேதுரு செய்த இரண்டாவது தப்பு

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'இன்றைய காலத்தில் உண்மையுள்ள கிறிஸ்தவராய் வாழ்வது' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இதே தலைப்பில் ஒரு சாமியார் பேசியிருந்தால் ஜெபமாலை, தவக்காலம், செல்போனைக் குறைப்பது என்று ஒழுங்காகப் போயிருக்கும். எனக்கு அந்தப் பாதை பழக்கமில்லை. நான் எங்க அக்கா வீட்டுச் சுவரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருசம் அக்கா மகளுக்குச் சட்டக் கல்லூரியில் சேர சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. ஆர்.ஐ. விசாரிக்க வரப்போறார்னு தெரிஞ்சதும் அக்கா மொதல்ல செஞ்ச காரியம், நடுவீட்டில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைக் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் வச்சதுதான். சுத்தியும் சுவர் புகையேறிக் கறுத்திருக்க, படம் இருந்த இடம் மட்டும் கட்டமா வெளுப்பாத் தெரிஞ்சது. அதுமேல மளிகைக்கடைக் காலண்டரை மாட்டினோம். பார்த்துக்கிட்டிருந்த அந்தப் பொண்ணு கேட்டுச்சு: "மாமா, பேதுரு மறுதலிச்சதும் நாம செய்யுறதும் ஒண்ணுதானே?"

எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. இன்றைக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்களில் பலருக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு புனிதரின் பெயர். பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர், அதற்குப் பக்கத்தில் 'இந்து – ஆதி திராவிடர்'. இதைப் பொய் என்கிறார்கள். இந்தப் பொய்யை எழுத வைத்தது யார்? 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியருக்குத் திறந்தார்கள், 1990இல் பௌத்தருக்குத் திறந்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. மதத்தையும் பட்டியலையும் பிரித்துவிடலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023இல் தீர்மானம் போட்டது. 2004இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு இருபது வருசத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் அதே நீதிமன்றம் வேகமாகச் சொன்னது: கோயிலுக்குப் போய்க்கொண்டே இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் இன்னும் ஒருபடி போய், மதம் மாறியவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கிடையாது என்றது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டுட்டா அடிக்கிறான்?

சரி, வெளியில்தான் இப்படி. உள்ளே?

எங்க ஆத்தா நாற்பது வருசம் பங்குக் கோயிலைக் கூட்டினவள். கூலி கிடையாது, திருநாளுக்கு ஒரு சேலை. பிரார்த்தனை முழுக்க மனப்பாடம். 1987இல் செத்துப்போனாள். கோயிலுக்குச் சொந்தமான சவவண்டி கீழத்தெருவுக்குள் வராது என்றார்கள். தோளில் தூக்கினோம். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர். எங்களுக்குப் பின்பக்கம் தனிவாசல். முன்வாசலில் நின்று உபதேசியார், "தம்பி, மழை வருது, பின்னாடி வழியா சீக்கிரம் போயிருங்க" என்றார். மிரட்டலில்லை, ரொம்ப மரியாதையாத்தான் சொன்னார். அப்போது நான் கல்லூரி மாணவன். துண்டறிக்கை எழுதுகிறவன், கூட்டத்தில் பேசுகிறவன். வாயைத் திறக்கவில்லை. எங்க சின்னம்மாதான், "நாப்பது வருசம் எந்த வாசல் வழியா வந்து கூட்டுனா? அந்த வாசல் வழியாப் போகட்டும்" என்று பாடையை மறித்தாள். அவளைச் சமாதானம் செய்து ஓரமாக இழுத்தவன் நான். அதை இங்கே சொல்லாமல் மற்றதைப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

இப்போது பேதுருவுக்கு வருவோம். கோழி கூவிய கதை எல்லோருக்கும் தெரியும். இன்னொரு கதை கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. பிரசங்கத்தில் அதிகம் வராது. அந்தியோக்கியாவில் பேதுரு விருத்தசேதனம் இல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து பெரிய இடத்து ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து தனிப் பந்திக்குப் போய்விட்டார். பவுல் எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேராகக் கேட்டார். முதல் தப்பு, உயிருக்குப் பயந்து நெருப்போரம் செய்தது. அதற்கு அவர் அழுதார். இரண்டாவது, கௌரவத்துக்காகப் பந்தியில் செய்தது. அதற்கு அழுததாக எங்கும் எழுதவில்லை. நம்ம சபைகள் நம்மைக் குத்திக்காட்டுவது முதல் தப்பை; தாங்கள் ஞாயிறுதோறும் செய்வது இரண்டாவதை.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே விடச்சொல்லி கடிதம் எழுதினார். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, பறையர் சமைத்ததைச் சாப்பிட்டால்தான் சாதியை விட்டதாக ஒப்புக்கொள்வோம் என்றது. லைப்சிக் லூத்தரன் மிஷன் அதற்கு உடன்படவில்லை. ஒருநாள் விருந்தில் சாதி செத்துவிடும் என்று நம்பியது அவர்களின் வெகுளித்தனம். நிலம் யார் கையில் என்று விருந்து கேட்கவில்லை. மதுரை இறையியல் கல்லூரியில் பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு 'ஒரே உலை' என்று பேசியபோது அது ஒருநாள் விருந்தாக இல்லை, தினப்படி அடுப்பாக இருந்தது. கத்தோலிக்க ஆயர் பேரவையும் 2016 டிசம்பரில் தலித் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டு, சாதி பெரும் சமூகப் பாவம் என்று ஒத்துக்கொண்டது. எங்க ஊர் சுவருக்கு அந்தத் தாள் இன்னும் வந்து சேரவில்லை.

ஆகையால் அக்கா மகளுக்கு என் பதில்: படத்தைக் கழற்றியது மறுதலிப்புத்தான். வலிக்கத்தான் செய்யுது. ஆனால் அதற்கு நீ பாவசங்கீர்த்தனம் செய்யுமுன், கழற்ற வைத்தவர்கள் வரிசையில் நிற்கட்டும். நான் கணக்குக் கொடுக்கவேண்டியது காலண்டர் மாட்டியதற்கு இல்லை. சின்னம்மாவை இழுத்ததற்கு.

அவள் இதை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே படத்தைத் திரும்ப மாட்டிவிட்டாள். பிறகு கல்லறைச் சுவரை இடிக்கச் சொல்லி ஆயருக்கு ஒரு மனு எழுதினாள். தெருவில் நூற்றுச்சொச்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவள் மட்டும் தன்னோட ரெண்டு பேரையும் எழுதியிருந்தாள். "ஒண்ணை அடிச்சிரும்மா, சான்றிதழுக்கு ஆபத்து" என்றேன். அடிக்கவில்லை. மனு போய் எட்டு மாசமாகுது, பதில் இல்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்றைக்கு மெழுகுவர்த்தியோடு முன்வாசல் வழியாக உள்ளே போவது என்று தெருவில் பேசி முடித்திருக்கிறோம். சின்னம்மாவுக்கு எண்பது வயசு, அவள்தான் முன்னால் நடப்பாள். வர முடிந்தவர்கள் வாருங்கள். காலையில் ஊருக்கு ஒரே பஸ்தான், முந்தின நாளே வந்து எங்க வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.