வாய்ப்பூட்டும் வாக்குச்சீட்டும்

1971 தேர்தலில் ரேபரேலித் தொகுதி, இந்திரா அம்மையாரை 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வாழ்த்தி அனுப்பிற்று. தோற்றவர் ராஜ் நாராயண். 1977 இல் அதே தொகுதி, அதே ராஜ் நாராயண். தோற்றவரோ அம்மையார், 55,000க்கும் மேற்பட்ட வாக்குகளால்!

வறுமையை விரட்டுவேன் என்றவரை நம்பிய மக்கள் ஏன் முகம் திருப்பினர்? இடையே வந்தது 21 மாத நெருக்கடி நிலை. ஏடுகளுக்கு வாய்ப்பூட்டு, எதிர்த்தோர்க்குச் சிறைப்பூட்டு, வடபுலத்து ஏழையர்க்குக் கட்டாயக் கருத்தடை! நாடெங்கும் அமைதி. அது ஆதரவு அன்று, அடக்கப்பட்ட ஆத்திரம். ஊரார் வாயை அடைத்த ஆட்சி, தன் காதையே அடைத்துக்கொண்டது. வாய் பேச இயலாத நாட்டில் வாக்குச்சீட்டு பேசிற்று!

தோழர்களே! தலைவர்க்கு மாலை சுமந்து செல்லும் நாம், மக்களின் மனக்குறையையும் சுமந்து செல்வோம். மாலை மறுநாளே வாடும். மறைத்த குறையோ நாளும் வளரும்!